வாயடைக்கப்பட்ட பூதம்: பழைய திகில் படங்களும் நாம் அறிந்த பிராங்கன்ஸ்டைனும்

மேரி ஷெல்லி எழுதிய ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலில், மனிதர் கண்ணில் படாமல் காட்டு வழியே போய்க்கொண்டிருக்கும் பூதத்தின் முன்னால், ஓடி விளையாடி வந்த ஒரு சிறுமி கால் தவறி ஆற்றில் விழுகிறாள். மறைவிடத்திலிருந்து பாய்ந்து வந்து, நீரின் இழுப்போடு போராடி அவளைக் கரைசேர்க்கும் பூதம், அவளுக்கு நினைவு திரும்ப என்னென்னவோ செய்து பார்க்கிறது. அதற்குள் அங்கு வந்து சேரும் ஓர் ஆள் சிறுமியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். பின்தொடர்ந்து வரும் பூதத்தைத் துப்பாக்கியால் சுடுகிறான். இதே பெயரில் 1931-இல் வெளிவந்த ஹாலிவுட் படத்திலும் ஒரு சிறுமி வருகிறாள். ஏரிக்கரையில் பூதத்தைக் கண்டு சற்றும் அஞ்சாத மரியா, அதன் கையில் பூக்களைக் கொடுத்து, அவற்றைத் தண்ணீரில் வீசி மிதக்கவிடும் விளையாட்டைச் சொல்லிக்கொடுக்கிறாள். கையிலிருந்த பூக்கள் தீர்ந்ததும், அவளும் மிதப்பாள் என்று நம்பிய பூதம் அவளையே தூக்கி ஏரியில் போடுகிறது. அவள் மூழ்கி இறக்கிறாள்.

நாவலில் சிறுமியை நீரிலிருந்து மீட்ட பூதம் படத்தில் அவளை நீரில் மூழ்கடிக்கிறது. இவ்விரண்டில் உலகம் நினைவில் வைத்திருப்பது படத்தின் காட்சியைத்தான். ஒரு கதையைத் தழுவி எடுக்கப்பட்ட படைப்பு, மூலக் கதையைவிட அதிகம் பேரைச் சென்றடைந்து, நாளடைவில் மூலத்தின் இடத்தையே பிடித்துக்கொள்ளும் இந்த நிகழ்வைத் தழுவல் மூலத்தை மறைத்தல் என்று சொல்லலாம். நாவலை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காதவருக்கும் பிராங்கன்ஸ்டைனின் பூதம் எப்படி இருக்கும், எப்படி நடக்கும், எங்கே பிறந்தது என்பதெல்லாம் தெரியும். ஆனால் அவருக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி நாவலில் இல்லை. அதை உருவாக்கியவரின் பெயரே பூதத்தின் பெயராகிவிட்டதும் இதில் அடக்கம். நாவலில் பூதத்துக்குப் பெயரே கிடையாது. விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்பது அதை உருவாக்கிய இளைஞனின் பெயர்.

இதைத் திரைப்படக்காரர்களின் அலட்சியம் என்று ஒதுக்கிவிடுவது எளிது, ஆனால் நியாயமாகாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்தந்தக் கலைவடிவம் கேட்ட ஒரு காரணம் இருந்தது. மேடையின் வசதி, ஒப்பனைக்காரரின் யோசனை, தணிக்கையாளரின் கத்திரி, சில வேளைகளில் நடிகரை மாற்றியதால் வந்த குழப்பம் என்று பலவும் சேர்ந்தே இந்த உருவங்களை உண்டாக்கியிருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க, மிகவும் அறியப்பட்ட இந்தப் பூதமே நல்ல எடுத்துக்காட்டு.

முதலில் நாவலைப் பற்றிச் சிறிது. இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை 1815-இல் வெடித்து வானில் பரப்பிய சாம்பலால், 1816-இல் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. அந்த மழைக்காலத்தில் ஜெனீவா ஏரிக்கரையில் கவிஞர் பைரன் தங்கியிருந்த வீட்டில் கூடிய நண்பர்கள், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று பேசிக்கொண்டனர். அப்போது 18 வயதே ஆகியிருந்த மேரி தொடங்கிய கதை, 1818 ஜனவரியில் ஆசிரியர் பெயரில்லாமல் மூன்று தொகுதிகளாக, 500 பிரதிகள் அச்சிடப்பட்டு லண்டனில் வெளிவந்தது. வடதுருவத்தை நோக்கிக் கப்பலில் செல்லும் வால்டன் தன் சகோதரிக்கு எழுதும் கடிதங்கள், அவற்றுக்குள் விக்டர் சொல்லும் வரலாறு, அதற்குள் பூதம் தன் வாயால் சொல்லும் வரலாறு என்று கதைக்குள் கதையாக அமைந்தது இந்த நாவல். நடுவில் இருப்பது பூதத்தின் குரல் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த தழுவல்கள் முதலில் பறித்தது அதைத்தான்.

பூதம் உயிர்பெறும் காட்சியை எடுத்துக்கொள்வோம். நாவலில் அது நடப்பது ஜெர்மனியின் இங்கோல்ஷ்டாட் நகரில், ஒரு மாணவன் தங்கியிருக்கும் வீட்டின் மேல்மாடி அறையில். நவம்பர் மாதத்து இரவு, மணி ஒன்று, சன்னல் கண்ணாடியில் மழை தட்டிக்கொண்டிருக்கிறது, மெழுகுவர்த்தி தீரும் தறுவாயில் இருக்கிறது. அந்த மங்கிய ஒளியில் பூதத்தின் மஞ்சள் கண் திறக்கிறது. விக்டர் வெற்றிக் கூச்சல் போடவில்லை. அருவருப்பு தாங்காமல் வெளியே ஓடி, தன் படுக்கையறையில் போய் விழுகிறான். உடன் எவரும் இல்லை. எந்த முறையில் உயிர் கொடுத்தான் என்பதையும் நாவல் சொல்வதில்லை. வேறெவரும் அதைச் செய்துவிடக் கூடாது என்பதற்காக அந்த இரகசியத்தைத் தன்னோடு வைத்துக்கொள்வதாக விக்டர் சொல்லிவிடுகிறான்.

ஜேம்ஸ் வேல் இயக்கிய 1931 படத்தில் இது முற்றிலும் பொதுநிகழ்ச்சியாகிவிட்டது. பாழடைந்த கோபுரம், வெளியே புயல், உள்ளே தீப்பொறி கக்கும் இயந்திரங்கள், நாற்காலி போட்டு உட்காரவைக்கப்பட்ட விருந்தினர்கள், சங்கிலியில் கூரைவரை உயர்த்தப்பட்டு மின்னலை வாங்கும் கட்டில் என்று அத்தனையும் பார்வையாளருக்காகவே அமைக்கப்பட்டவை. உயிர் வந்துவிட்டது என்று விஞ்ஞானி வெறிபிடித்துக் கத்தும் அந்த வசனம் உலகப் புகழ் பெற்றது. இயந்திரங்களை அமைத்துக் கொடுத்தவர் கென்னத் ஸ்டிரிக்ஃபேடன் என்ற மின்பொறியியல் வல்லுநர்; ‘பைத்தியக்கார விஞ்ஞானியின் ஆய்வுக்கூடம்’ என்றதும் இன்றும் வரையப்படுகிற படம் ஏறக்குறைய அவருடைய கைவண்ணம்தான். ஆயினும் மின்னல் வானத்திலிருந்து வந்து குதித்ததல்ல. சிறுவன் விக்டர் ஒரு ஓக் மரம் இடி விழுந்து சிதறுவதைப் பார்த்து மின்சாரத்தில் ஆர்வம் கொள்வது நாவலிலேயே இருக்கிறது. 1831-இல் திருத்திய பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், தான் கனவுபோல் கண்ட காட்சியில் ஏதோ ஒரு வலிய இயந்திரம் இயங்க உடல் அசைந்ததாக மேரி ஷெல்லியே குறிப்பிடுகிறார். ஆசிரியர் போகிறபோக்கில் விட்ட விதையைப் படம் மரமாக்கிக்கொண்டது.

இனி உருவம். எட்டடி உயரம், கீழேயுள்ள தசைகளையும் நரம்புகளையும் மறைக்கப் போதாத மஞ்சள் தோல், நீண்டு பளபளக்கும் கருங்கூந்தல், முத்துப் போன்ற வெள்ளைப் பற்கள், நீர்த்த கண்கள், கறுத்த உதடுகள் என்பதே நாவல் தரும் வருணனை. அழகான உறுப்புகளாகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தும் கூட்டாகப் பார்க்கையில் கோரமாகிவிட்டது என்பதுதான் அதிலுள்ள நுட்பம். தட்டையான தலை, கழுத்தின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகத் துண்டுகள் ஆகியவை படத்தைத் தயாரித்த யூனிவர்சல் நிறுவனத்தின் ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸின் கற்பனை. பிராங்கன்ஸ்டைன் விஞ்ஞானியே தவிரக் கைதேர்ந்த அறுவை மருத்துவன் அல்லன். எனவே மூளையை வைக்க மண்டையோட்டின் மேற்பகுதியைப் பானை மூடிபோல் நேராக அறுத்துத் திறந்து, மறுபடி மூடிப் பிணைத்திருப்பான் என்று அவர் யோசித்தார். தலை தட்டையானது அப்படித்தான். கழுத்திலிருப்பவை மின்சாரம் உள்ளே செல்வதற்கான முனைகள். திருகாணிகள் என்று பலரும் எண்ணிக்கொண்டது பிற்பாடு. பூதமாக நடித்த போரிஸ் கார்லாஃப் தம் பங்குக்கு, வாயில் பொருத்தியிருந்த செயற்கைப் பற்களைக் கழற்றிவிட்டுக் கன்னத்தைக் குழியாக்கிக்கொண்டார். படம் கறுப்பு வெள்ளை என்பதால், பியர்ஸ் பூசிய பச்சை கலந்த சாயம் திரையில் பிணத்தின் வெளிறலாகத்தான் தெரிந்தது. பூதத்தைப் பச்சை நிறமாகவே நாம் நினைப்பதற்குச் சுவரொட்டிகளும் பின்னாளில் வந்த முகமூடிகளும் பொம்மைகளுமே பொறுப்பு.

உருவ மாற்றமெல்லாம் ஒருபுறமிருக்க, கதையையே வேறாக்கியது மொழியிழப்புதான் என்பது என் கருத்து. நாவலின் பூதம் உலக இலக்கியத்தின் பெரும் பேச்சாளர்களில் ஒன்று. ஒரு குடிசையை ஒட்டிய கொட்டகையில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து, உள்ளே வாழும் தெ லாசி குடும்பத்தினர் பேசுவதைச் சுவரின் இடுக்கு வழியாகக் கவனித்தே அது மொழியைக் கற்றுக்கொள்கிறது. அந்தக் குடும்பத்துக்கு வந்து சேரும் வெளிநாட்டுப் பெண்ணுக்கு அவர்கள் பாடம் சொல்லித்தருகையில், வெளியே இருந்தபடியே அதுவும் படிக்கிறது. காட்டில் கிடைத்த ஒரு பெட்டியிலிருந்து மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’, புளூட்டார்க்கின் வாழ்க்கை வரலாறுகள், கதேயின் ‘வெர்தர்’ ஆகிய மூன்றையும் எடுத்து வாசிக்கிறது. மில்டனை வாசித்தபின் தான் ஆதாமாக இருந்திருக்க வேண்டியவன், ஆனால் சாத்தானின் நிலைக்குத் தள்ளப்பட்டேன் என்று தன்னைப் படைத்தவனிடமே வழக்காடுகிறது. ஆல்ப்ஸ் மலையின் பனிப்பாறைகளுக்கு நடுவே நடக்கும் அந்தச் சந்திப்பில், நான் அன்பும் நன்மையும் உடையவனாகத்தான் இருந்தேன், துயரம்தான் என்னைப் பேயாக்கியது என்று அது சொல்லும்போது, வாசகர் விக்டரின் பக்கம் நிற்பதா பூதத்தின் பக்கம் நிற்பதா என்று தடுமாறுகிறார். நாவலின் ஆற்றல் அந்தத் தடுமாற்றத்தில் இருக்கிறது.

பேச்சைப் பறித்தது திரைப்படமன்று. நாவல் வெளிவந்து ஐந்தே ஆண்டுகளில், 1823-இல் ரிச்சர்ட் பிரின்ஸ்லி பீக் என்பவர் எழுதிய நாடகம் லண்டனில் மேடையேறியது. பாட்டும் சைகையும் கலந்த மெலோடிராமா மரபில், வாய்பேசாப் பாத்திரம் என்பது மக்கள் விரும்பிப் பார்த்த வகை. டி. பி. குக் என்ற நடிகர் ஒரு சொல்லும் பேசாமல், நீலச் சாயம் பூசிய உடலோடு, அசைவினாலேயே பூதமாக நடித்துப் பெரும் புகழ் பெற்றார். அந்த நாடகத்தை நேரில் பார்த்த மேரி ஷெல்லி, விளம்பரத் தாளில் பூதத்தின் பெயருக்குப் பதில் வெறும் கோடு போட்டிருந்ததை ரசித்துக் கடிதம் எழுதியிருக்கிறார். (1931 படத்தின் பெயர்ப் பட்டியலில் பூதமாக நடித்தவர் பெயருக்குப் பதில் கேள்விக்குறி போட்டது அதே உத்தியின் தொடர்ச்சி.) விக்டருக்கு ஓர் உதவியாள் முளைத்ததும் இந்த நாடகத்தில்தான். தனியறையில் ஒருவன் தனக்குள் நினைப்பதை நாவலில் எழுதிவிடலாம். மேடையில் அவன் யாரிடமாவது பேசியாக வேண்டும். அந்த உதவியாளின் பெயர் ஃபிரிட்ஸ்.

யூனிவர்சல் படமும் நாவலிலிருந்து நேராக எடுக்கப்பட்டதன்று. பெக்கி வெப்ளிங் 1920-களில் எழுதிய ஒரு நாடகமே அதற்கு அடிப்படை. அதாவது நாம் பார்ப்பது தழுவலின் தழுவல். அதில் வரும் உதவியாள் ஃபிரிட்ஸ் கூனன். எட்டு ஆண்டுகள் கழித்து, 1939-இல் வந்த இந்த வரிசையின் மூன்றாம் படத்தில் பெலா லுகோசி ஏற்ற வேடம் இகோர். தூக்கிலிடப்பட்டும் சாகாமல் கழுத்தெலும்பு முறிந்த ஒரு கொல்லன். அவன் கூனனும் அல்லன், ஆய்வுக்கூட உதவியாளும் அல்லன். மக்கள் நினைவு ஃபிரிட்ஸின் கூனையும் இகோரின் பெயரையும் ஒட்டவைத்து, எந்தப் பழைய படத்திலும் இல்லாத ‘கூனன் இகோர்’ என்ற ஆளை உண்டாக்கிக்கொண்டது. தழுவல் மூலத்தை மறைப்பதோடு நிற்பதில்லை, தழுவல்கள் ஒன்றையொன்றும் மறைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இதே ஃபிரிட்ஸ்தான் படத்தில் மருத்துவக் கல்லூரியிலிருந்து மூளையைத் திருடுகிறான். நல்ல மூளை இருந்த கண்ணாடிக் குடுவை கைதவறி உடைந்துவிட, குற்றவாளியின் மூளை இருந்த குடுவையை எடுத்துப் போகிறான். சிரிப்பை வரவழைக்கும் இந்தச் சிறு காட்சி நாவலின் அடிப்படைக் கேள்வியைப் பெயர்த்து எடுத்துவிடுகிறது. நாவலில் பூதம் கெட்டுப்போவதற்குக் காரணம் பிறப்பன்று. பெற்றவன் கைவிட்டான், கண்டவர்கள் அடித்து விரட்டினார்கள், அன்பு காட்டுவார்கள் என்று நம்பிய குடும்பமும் துரத்தியது என்பதே. படத்தில் தீமை மூளையோடு வந்த பிறவிக்குணமாகிவிடுகிறது. அப்படியானால் படைத்தவனுக்குப் பொறுப்பு என்ன, ஊருக்குப் பொறுப்பு என்ன என்ற கேள்விகளுக்கு இடமே இல்லை.

ஆனால் படம் தன் திரைக்கதையைத் தானே மறுக்கிறது. அதற்குக் காரணம் கார்லாஃப். இருட்டறையில் அடைபட்டிருக்கும் பூதத்துக்கு முதன்முறையாகக் கூரைக் கதவு திறந்து வெளிச்சம் விழும் காட்சியை உற்றுப் பார்க்க வேண்டும். அது முகத்தை உயர்த்தி, எழுந்து நின்று, ஒளியைப் பிடித்துவிடலாம் என்று எண்ணிய குழந்தைபோல் இரு கைகளையும் மேலே நீட்டுகிறது. கூரை மூடப்பட்டதும் கைகள் விஞ்ஞானியின் பக்கம் திரும்பி, எதையோ யாசிப்பதுபோல் விரிந்து நிற்கின்றன. சற்று நேரத்தில் ஃபிரிட்ஸ் தீப்பந்தத்தைக் காட்டி மிரட்ட, பூதம் வெறிகொள்கிறது. குற்றவாளியின் மூளை என்ற விளக்கத்தை இந்தக் கைகள் பொய்யாக்கிவிடுகின்றன. மேரி ஷெல்லி பல அத்தியாயங்களில் சொன்னதை ஒரு நடிகர் பேசாமலே பாதியளவு மீட்டுத் தந்தார் என்று சொல்வேன்.

பாதியளவுதான், ஏனென்றால் நாவலின் பூதம் குற்றமற்றதன்று. விக்டரின் தம்பியான சிறுவன் வில்லியத்தை அது கழுத்தை நெரித்துக் கொல்கிறது; அந்தப் பழியைத் தந்திரமாக வேலைக்காரப் பெண் ஜஸ்டினின் மேல் சுமத்தி அவளைத் தூக்குமேடைக்கு அனுப்புகிறது; பிற்பாடு விக்டரின் நண்பனையும் மணப்பெண்ணையும் கொல்கிறது. தான் செய்வது இன்னதென்று தெரிந்தே செய்கிறது, வருந்தவும் செய்கிறது. கார்லாஃபின் பூதம் ஏரியில் மரியாவைப் போடும்போது அதற்கு எதுவும் தெரியாது. பேச்சு போனபோது, அதனோடு குற்றப்பொறுப்பும் போய்விட்டது.

ஏரிக் காட்சிக்கு வேறொரு கதையும் உண்டு. படம் வெளியான காலத்தில் பல இடங்களில் தணிக்கையாளர்கள் அதைப் பொறுக்கமாட்டாமல், பூதம் சிறுமியை நோக்கிக் கைநீட்டும் இடத்தோடு வெட்டிவிட்டனர். அடுத்துப் பார்வையாளர் காண்பது, தந்தை தன் மகளின் பிணத்தை ஏந்திக்கொண்டு ஊர் நடுவே நடந்து வருவதை. நடுவில் என்ன நடந்தது என்பதை அவரவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த ஊகம் உண்மையில் படமாக்கப்பட்டிருந்ததைவிடக் கொடியதாக இருந்திருக்கும். வெட்டப்பட்ட துண்டு 1980-களில்தான் படத்தோடு மறுபடி சேர்ந்தது. அரைநூற்றாண்டுக் காலம் பூதத்தின் பெயர் கெட்டதில் தணிக்கைக்கும் பங்கு உண்டு.

இரு கைகளையும் முன்னே நீட்டிக்கொண்டு விறைப்பாக நடக்கும் நடை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இன்னும் வியப்பு. 1931 படத்தில் பூதம் அப்படி நடப்பதில்லை. 1942-இல் வந்த நான்காம் படத்தின் முடிவில், இகோரின் மூளையைப் பொருத்தியபின் பூதத்துக்குக் கண்பார்வை போய்விடுகிறது. அடுத்த ஆண்டு வந்த படத்தில் பூதமாக நடித்த லுகோசி, குருடனாகத் தடவித் தடவி நடந்தார். ஆனால் அந்தப் படத்தில் பூதம் பேசும் வசனங்கள் அனைத்தும், குருட்டுத்தன்மை பற்றிய குறிப்போடு சேர்த்து, வெளியீட்டுக்கு முன் நீக்கப்பட்டுவிட்டன. காரணம் போய்விட்டது, நடை மட்டும் எஞ்சியது. உலகெங்கும் குழந்தைகள் பூதமாக நடித்துக் காட்டும்போது கைநீட்டி நடப்பது ஒரு குருடனின் நடை.

நடுவில் 1935-இல் வந்த இரண்டாம் படத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கண் தெரியாத ஒரு துறவி பூதத்தைக் குடிலுக்குள் வரவேற்று, உணவும் இசையும் சில சொற்களும் கற்பிக்கும் காட்சி, நாவலில் கண் தெரியாத முதியவர் தெ லாசி பூதத்தோடு கனிவாகப் பேசும் பகுதியிலிருந்து பிறந்தது. பூதம் பேசக் கூடாது என்று கார்லாஃப் எதிர்த்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்; இந்த ஒன்றில் அவர் சொன்னது தவறு என்றே எனக்குப் படுகிறது. தனிமை கெட்டது, நட்பு நல்லது என்று அது தட்டுத்தடுமாறிச் சொல்லும் இரண்டு வாக்கியங்கள்தான் முழு வரிசையிலும் நாவலுக்கு மிக நெருங்கி வருபவை.

டிராகுலா விஷயத்திலும் இதே வழிதான், விவரங்கள் மட்டுமே வேறு. பிராம் ஸ்டோக்கர் 1897-இல் வெளியிட்ட நாவலில் இரத்தக்காட்டேரியான டிராகுலா பிரபு முதலில் தோன்றுவது நீண்ட வெள்ளை மீசையும், மூக்குக்கு மேலே கூடும் புருவங்களும், உள்ளங்கையில் மயிரும், நாற்றமடிக்கும் மூச்சும் கொண்ட கிழவராக. இரத்தம் குடித்து இளமை திரும்பிய பின், லண்டனின் பிக்கடிலி வீதியில் பட்டப்பகலில் நின்றுகொண்டிருக்கும் அவருக்குக் கறுத்த மீசையும் கூர்த்த தாடியும் இருக்கின்றன. தாடி வைத்த டிராகுலாவை எவரும் கற்பனை செய்வதில்லை. முதல் நான்கு அத்தியாயங்களுக்குப் பின் அவர் நாவலில் நேராக வருவது மிகக் குறைவு. நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள் வழியாக மற்றவர்கள்தான் அவரைத் துப்புத் துலக்குகிறார்கள். கண்ணில் படாத வில்லனை வைத்து நாடகம் நடத்த முடியாது என்பதால், 1924-இல் இங்கிலாந்தில் இதை மேடையேற்றிய ஹாமில்டன் டீன், அவரை மாலைநேர உடையணிந்து வரவேற்பறைக்கே வந்து பேசும் கண்ணியமான விருந்தாளியாக்கினார். தூக்கி நிறுத்திய பெரிய கழுத்துப்பட்டையோடு கூடிய மேலங்கி அழகுக்காக வந்ததன்று. நடிகர் பார்வையாளருக்கு முதுகைக் காட்டி நின்று, மேடையின் கள்ளக்கதவு வழியே நழுவி மறையும்போது அவருடைய தலையை அந்தப் பட்டை மறைத்தது. பிறகு நியூயார்க் மேடையில் 1927-இலும், யூனிவர்சல் படத்தில் 1931-இலும் நடித்த லுகோசியோடு அந்த உடை நிலைத்துவிட்டது. அவருடைய ஹங்கேரிய உச்சரிப்பு எல்லா டிராகுலாக்களின் உச்சரிப்பும் ஆயிற்று.

சூரிய ஒளி பட்டால் இரத்தக்காட்டேரி அழிந்துவிடும் என்பது பழங்கால நம்பிக்கை என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஸ்டோக்கரின் டிராகுலாவுக்குப் பகலில் சக்தி குறையுமே தவிர உயிர் போகாது. அவர் இறப்பது அந்திப்பொழுதில், ஒருவன் கழுத்தை அறுக்க இன்னொருவன் நெஞ்சில் கத்தியைப் பாய்ச்சுவதால். வெளிச்சத்தில் கரைந்து மறைவது ஜெர்மனியில் முர்னாவ் இயக்கி 1922-இல் வெளிவந்த ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற பேசாப்படத்தில் வருவது. அனுமதி பெறாமல் ஸ்டோக்கரின் கதையைப் பெயர் மாற்றி எடுத்த அந்தப் படத்தின் மீது அவருடைய மனைவி வழக்குத் தொடுத்து வென்றார். பிரதிகளை அழிக்க 1925-இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. தப்பிய பிரதிகள் வழியாக அந்த முடிவு மட்டும் உலகம் முழுக்கப் பரவி, இன்று ஸ்டோக்கரின் பெயரிலேயே வழங்குகிறது. பற்களின் கதை இதற்கு நேரெதிர்: நாவலில் உதட்டுக்கு வெளியே தெரியும் கூர்த்த பற்கள் லுகோசியின் படத்தில் ஓரிடத்திலும் காட்டப்படவில்லை, 1958-இல் கிறிஸ்டோபர் லீ நடித்த பிரிட்டிஷ் வண்ணப்படம்தான் அவற்றை இரத்தச் சிவப்போடு மக்கள் மனத்தில் பதித்தது.

ஸ்டீவன்சனின் டாக்டர் ஜெகிலும் மிஸ்டர் ஹைடும் இழந்தது வேறொன்றை. 1886-இல் வந்த அந்தக் குறுநாவல் ஒரு மர்மக்கதை. இருவரும் ஒருவரே என்பது ஏறக்குறைய கடைசியில்தான் வாசகருக்குத் தெரியவரும். மேடையிலும் திரையிலும் உருமாறும் காட்சியே பெரும் கவர்ச்சி என்பதால், இரகசியத்தை முதலிலேயே உடைத்துவிட்டார்கள். இன்று அந்தக் கதையை மர்மம் கெடாமல் வாசிக்கக்கூடியவர் எவரும் இல்லை. ஹைடின் உருவத்தில் என்ன கோளாறு என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் பார்த்தாலே வெறுப்பு வருகிறது என்று பாத்திரங்கள் திகைப்பதும் அதில் உண்டு. 1931 படத்தில் ஃபிரெடரிக் மார்ச் வாலில்லாக் குரங்குபோல் ஒப்பனை செய்துகொண்டு நடித்து ஆஸ்கர் விருது வாங்கினார். சொல்லத் தெரியாத கோளாறைக் காமிராவால் காட்ட முடியாது.

ஓநாய் மனிதனுக்கு இப்படி ஒரு மூல நாவல்கூட இல்லை. 1941 படத்தில் கிராமத்தார் பழம்பாட்டுபோல் சொல்லும் நாலு வரிகள் திரைக்கதையாசிரியர் கர்ட் சியோட்மாக் எழுதியவை. நாட்டார் பாடல் என்று நம்புபவர்கள் இன்றும் உண்டு.

இவையெல்லாம் பழைய படங்கள். அவை தலைமுறை கடந்தது எப்படி என்ற கேள்வி எழும். யூனிவர்சலின் திகில் படங்கள் 52-ஐத் தொகுத்து 1957-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்றனர். திரையரங்கில் அவற்றைப் பார்த்திராத பிள்ளைகள் இரவில் வீட்டிலிருந்தே பார்த்தார்கள். முகமூடிகளும் பொம்மைகளும் பின்தொடர்ந்தன. சட்டத்துக்கும் இதில் பங்குண்டு. மேரி ஷெல்லியின் நாவல் எவருக்கும் சொந்தமில்லாத பொதுச்சொத்து. ஆனால் பியர்ஸ் உருவாக்கிய முகத்தின் மேல் யூனிவர்சல் உரிமை கொண்டாடியது. அதனால் 1957-இல் பிரிட்டனின் ஹாமர் நிறுவனம் தன் பிராங்கன்ஸ்டைன் படத்துக்குத் தட்டைத் தலையையும் கழுத்து முனைகளையும் தவிர்த்து, வேறு முகம் வடிக்க வேண்டியிருந்தது. காப்புரிமையால் வேலி போட்டுக் காக்கப்பட்ட அந்த ஒரு முகமே அசல் முகம் என்ற மதிப்பைப் பெற்றுவிட்டது.

நாவலை முதன்முதலாகக் கையில் எடுப்பவருக்கு எந்தப் பதிப்பை வாசிப்பது என்ற ஐயம் வரும். 1818 பதிப்பு வேகமானது, விக்டரின் செயலுக்கு அவனையே பொறுப்பாக்குவது. 1831 பதிப்பில் விதியின் கை ஓங்குகிறது. முதல் பதிப்பில் விக்டரின் அத்தைமகளாக வரும் எலிசபெத், பிந்தியதில் உறவில்லாத அனாதைக் குழந்தையாகிவிடுகிறாள். கடைகளில் கிடைப்பவற்றில் பல 1831 பதிப்பையே தருகின்றன. எலிசபெத் உறவில்லாத அனாதையாக வந்தால் அது பிந்தியது என்று அறிந்துகொள்ளலாம். என்னைக் கேட்டால் 1818 பதிப்பையே சொல்வேன். கடிதங்களில் தொடங்கும் கதை மெதுவாக நகர்வதாகத் தோன்றினால், பூதம் தன் கதையைத் தானே சொல்லும் பகுதியை முதலில் வாசித்துவிட்டுத் தொடக்கத்துக்குத் திரும்பலாம். 1818 பதிப்பில் அது இரண்டாம் தொகுதியின் மூன்றாம் அத்தியாயத்திலும், 1831 பதிப்பில் பதினொன்றாம் அத்தியாயத்திலும் தொடங்குகிறது.